கார்டில் இருக்கிற பெயர்

என் பெயர் பெர்னதெத்து.
கடியப்பட்டணத்தில் எல்லோருக்கும் பெர்னத்து.
கார்டில் மட்டும் பெர்னாடேட்டு.
அதை அடித்த பையனுக்கு அன்றைக்குப் பசியோ என்னவோ.
திருத்தணும் திருத்தணும் என்றே
ஏழு வருஷம் போச்சு.

முதல் தடவை அவன் கூப்பிட்டது ஜூன் மாசம்,
வள்ளமெல்லாம் கரையேறிக் கிடந்த நேரம்.
"பெர்னாடேட்டு மேடம்," என்றான்.
மேடம்.
முப்பது வருஷமாய் மீன் விற்கிறேன்,
ஒருத்தரும் அப்படி விளிச்சதில்லை.
தடைக்காலப் பணம் தடைபட்டுக் கிடக்கு என்றான்.
வீட்டுக்காரர் சூசைமிக்கேல்தானே என்றான்.
பாஸ்புக்கின் கடைசி நாலு எண்ணை
என்னைவிடச் சரளமாகச் சொன்னான்.
ஆறு எண் வரும், வாசித்தால் போதும் என்றான்.
என்னிடம் கண்ணாடி இல்லை.
ஓடிப்போய் ஜெசிந்தாளிடம் போனை நீட்டினேன்.
அவளும் பாவம், ஒன்பதை ஆறென்று வாசித்து,
மன்னிப்புக் கேட்டு, திரும்ப வாசித்தாள்.
இரண்டு பேருமாய்ச் சேர்ந்து
உதவி செய்தோம் அவனுக்கு.

இருபத்து மூவாயிரத்து நானூறு.
சீட்டுத் தள்ளி எடுத்தது.
ரெஜிலாவுக்கு நர்சிங் பீஸ்.

ஏன் சொன்னீங்க என்றார்கள் வங்கியில்.
ஏன் சொன்னீங்க என்றார்கள் நாகர்கோவில் போலீஸில்,
உடனே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு
அடித்திருக்கலாமே என்றார்கள்.
நான் போனது நாலாம் நாள்.
மூன்று நாள் வெட்கத்துக்குப் போயிற்று.
ரெஜிலா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.
தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வெட்கம் எதற்கென்றால்,
செவுளைத் தூக்கிப் பார்க்காமல்
ஒரு சாளைகூட வாங்கினவள் இல்லை நான்.
ஏலத்தில் ஒருத்தன்
சட்டுனு எடு, சட்டுனு எடு என்று பறந்தால்
ஐசுக்கு அடியில் கிடப்பது நேற்றைய மீன்.
அதெல்லாம் தெரிந்த இந்தக் கைதான்
போனை நீட்டியது.

இரண்டாம் தடவை திங்கள்சந்தையில்.
கையெல்லாம் செதிள்.
ஜெசிந்தாள்தான் முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினாள்.
"பெர்னாடேட்டு மேடம், மேனேஜர் பேசறேன்.
பத்து நிமிஷத்தில் உங்க கணக்கு முடங்கிடும்."

வங்கிக்கும் நான் பெர்னாடேட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை.
ஆனால் வங்கி என்னைத் தேடி வந்ததுண்டா?
டோக்கன் தரும். மத்தியானம் வரை நிற்க வைக்கும்.
பேனா கேட்டால்
நூலில் கட்டிப்போட்ட பேனாவைக் காட்டும்.
மேனேஜரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன்,
அவர் என்னைப் பார்த்ததில்லை.
இத்தனை பிரியம் அங்கே கிடையாது.

"எந்த பிராஞ்சு மக்கா?"
"மெயின் பிராஞ்சு மேடம்."
"படி ஏறணுமா, ஏறண்டாமா?"

அவன் பேச்சு நின்றது.
நின்ற இடத்தில், அவனுக்குப் பின்னால்,
வேறு வேறு குரல்கள் கேட்டன.
ஒவ்வொன்றும் யாரோ ஒரு மேடத்தை,
யாரோ ஒரு சாரை அழைத்துக்கொண்டு.
"டைம் இல்ல மேடம், நம்பரைச் சொல்லுங்க,
சீக்கிரம், சீக்கிரம்."

அந்தச் சீக்கிரத்தில் நாற்றம் அடித்தது.

வைத்துவிட்டேன்.
ஜெயித்ததுபோல் ஒன்றும் இல்லை.
கால் நடுங்கியது.
பிறகு என்ன தோன்றியதோ,
நெய்மீன் வந்த நாளில் கூவுகிற தொண்டையை எடுத்து
சந்தை முழுக்கக் கேட்கச் சொன்னேன்:
இருபத்து மூவாயிரத்து நானூறு!
நான்தான் வாசித்துக் கொடுத்தேன்!

ஜெசிந்தாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.
கருவாட்டுக்கார அமலபுஷ்பம்
தராசைப் பார்த்தபடியே சொன்னாள்:
"எனக்குப் பதினோராயிரம். வீட்டுல தெரியாது."

மீன் வாங்க வந்த ஒரு வாத்தியார்
பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.
தொகையைச் சொல்லவில்லை.

அவருக்கு இரண்டு சாளை
கூடப் போட்டேன்.